முழுக்க அதுவும் இல்லை, வேறும் இல்லை: பாதி ஒப்புமையை ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி?

#1 வரைவாளன்

கையேடு, ஒப்பீட்டு அறிக்கை, விவரக்குறிப்பு என்று ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களிடம் ஒரு சந்தேகம். இரண்டு பொருள்கள் அப்படியே ஒன்றாகவும் இல்லை, முற்றிலும் வேறாகவும் இல்லை. தமிழில் இதற்கு 'ஏறக்குறைய அதே மாதிரி', 'ஓரளவு ஒத்துப்போகும்', 'அதன் சாயல் இருக்கிறது' என்று எழுதிவிடலாம். ஆங்கிலத்தில் 'சம்வாட் சிமிலர்', 'மோர் ஆர் லெஸ் த சேம்', 'சார்ட் ஆஃப் லைக்', 'நாட் அன்லைக்', 'அகின் டு', 'அலாங் த சேம் லைன்ஸ்' என்று ஒரு பட்டாளமே நிற்கிறது. அகராதியைத் திறந்தால் எல்லாவற்றுக்கும் 'போன்ற' என்ற ஒரே பதில்தான்.

எதை எங்கே போடுவது? 'ஆல்மோஸ்ட் சிமிலர்' என்று எழுதினால் பிழைதிருத்துகிறவர்கள் ஏன் அடிக்கிறார்கள்? பேச்சில் மட்டும் செல்லுபடியாவது எது, எழுத்திலும் நிற்பது எது?

#2 திருத்தகம்

'ஆல்மோஸ்ட் சிமிலர்' அடிபடுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒப்புமைச் சொற்களில் ஒரு வகை எல்லைக்கோட்டில் நிற்பவை: சேம், ஐடென்டிகல், ஈக்வல், ஈக்விவலன்ட். ஒன்று ஐடென்டிகலாக இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது. இன்னொரு வகை கூடிக் குறைபவை: சிமிலர், லைக், அலைக், கம்பேரபிள், குளோஸ்.

ஆல்மோஸ்ட், நியர்லி, விர்ச்சுவலி, பிராக்டிக்கலி எல்லாம் 'எல்லைக்கு எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது' என்று சொல்லும் சொற்கள். எல்லை இருந்தால்தான் அவற்றுக்கு வேலை. 'ஆல்மோஸ்ட் ஐடென்டிகல்', 'விர்ச்சுவலி த சேம்' சரி. 'சிமிலர்' என்பதற்கோ அப்படி ஒரு கோடு கிடையாது. கறாராகப் படித்தால் 'ஆல்மோஸ்ட் சிமிலர்' என்பது 'ஒத்திருக்கிறது என்று சொல்லும் அளவுக்குக்கூட இன்னும் வரவில்லை' என்றாகிவிடும். எழுதியவர் நினைத்ததற்கு நேர் எதிர். நமக்கு இந்தத் தவறு வருவது 'கிட்டத்தட்ட ஒரே மாதிரி' என்பதில் இருக்கும் கிட்டத்தட்டவால்தான். அங்கே 'ஒரே' எல்லைச்சொல்லாக இருப்பதால் தமிழ் சரியாக இருக்கிறது. ஆங்கிலத்துக்குப் போகும்போது 'ஒரே'வை விட்டுவிட்டு 'மாதிரி'யை மட்டும் கொண்டுபோகிறோம்.

மறுபக்கம், வெரி, ஃபேர்லி, சம்வாட், ராதர் ஆகியவை கூடிக் குறையும் சொற்களோடுதான் ஒட்டும். 'வெரி சிமிலர்' சரி, 'வெரி ஐடென்டிகல்' தவறு. 'த வெரி சேம்' என்று ஒன்று உண்டு, ஆனால் அது 'ரொம்ப ஒத்தது' அல்ல, 'சாட்சாத் அதேதான்'.

'மச்' விசித்திரமானது. 'மச் சிமிலர்' தவறு. 'மச் த சேம்' சரி, பொருள் 'வித்தியாசம் இருக்கிறது, ஆனால் பொருட்படுத்தும்படி இல்லை'. 'வெரி மச் லைக்', 'மச் மோர் சிமிலர்' இரண்டும் சரி.

'குவைட்' இன்னும் மோசம். 'குவைட் சிமிலர்' என்றால் பிரிட்டிஷ் வாசகர் பெரும்பாலும் 'ஓரளவு' என்று எடுத்துக்கொள்வார், அமெரிக்கர் 'நன்றாகவே' என்பார். ஆனால் 'குவைட் டிஃபரென்ட்' இரு பக்கமும் 'முற்றிலும் வேறு' என்ற பொருளில்தான் போகும். 'நாட் குவைட் த சேம்' என்பது 'மயிரிழை வித்தியாசம்', இதில் யாருக்கும் குழப்பமில்லை. ஆகவே விவரக்குறிப்பில் 'குவைட் சிமிலர்' மட்டும் வேண்டாம்.

'எக்ஸாக்ட்லி சிமிலர்' பழைய சட்ட ஆவணங்களில் கண்ணில் படும். இன்று எழுதினால் 'எக்ஸாக்ட்லி' நம்புவதா 'சிமிலர்' நம்புவதா என்று வாசகர் திணறுவார். 'மோர் ஆர் லெஸ் சிமிலர்' தவறல்ல, ஆனால் மழுப்பலுக்கு மேல் மழுப்பல்.

#3 ஒட்டுச்சொல்

முன்னிடைச்சொல் பிழைகளைச் சுருக்கமாகப் போட்டுவிடுகிறேன், இந்த விஷயத்தில் பாதிப் பிழை அங்கேதான்.

சிமிலர் வந்தால் 'டு'. 'சிமிலர் வித்', 'சிமிலர் ஆஸ்', 'சிமிலர் லைக்' மூன்றும் தவறு. சேம் வந்தால் முன்னால் 'த', பின்னால் 'ஆஸ்'. 'சேம் லைக்' என்பது நம் 'அதே போல' நேராக இறங்கி வந்தது. ஐடென்டிகலுக்கு 'டு' அல்லது 'வித்'. அகின், அனலாகஸ், ஈக்விவலன்ட் மூன்றுக்கும் 'டு'. ரெமினிசென்ட்டுக்கு 'ஆஃப்'. 'இன் காமன்' வந்தால் 'வித்'.

ரிசெம்பிள் என்ற வினைக்கு எதுவுமே வராது. 'ரிசெம்பிள்ஸ் டு' என்று எழுதுவதற்குக் காரணம் பெயர்ச்சொல்லான 'ரிசெம்பளன்ஸ்' தன் பின்னால் 'டு' கேட்பதுதான். 'பேர்ஸ் எ ரிசெம்பளன்ஸ் டு' சரி, 'ரிசெம்பிள்ஸ் டு' தவறு. வழக்கமாக 'இஸ் ரிசெம்ப்ளிங்' என்றும் எழுதுவதில்லை, செயப்பாட்டு வினையாகவும் ஆக்குவதில்லை.

அலைக் பெயர்ச்சொல்லுக்கு முன் நிற்காது. 'டூ அலைக் வால்வ்ஸ்' கிடையாது, 'த டூ வால்வ்ஸ் ஆர் அலைக்' மட்டும்தான். 'அலைக் டு' என்றும் ஒன்று கிடையாது. முன்னால் போட ஒரு சொல் வேண்டுமென்றால் 'சிமிலர் வால்வ்ஸ்'.

இன்னொன்று இலக்கணக் கருவிகள் பலவும் பிடிக்காத பிழை: 'த மெனு ஆஃப் வெர்ஷன் 3 இஸ் சிமிலர் டு வெர்ஷன் 2'. மெனுவை மெனுவோடு ஒப்பிடாமல் மென்பொருள் பதிப்போடு ஒப்பிட்டிருக்கிறது. 'டு தட் ஆஃப் வெர்ஷன் 2' என்று வர வேண்டும். பன்மையென்றால் 'டு தோஸ் ஆஃப்'.

#4 வரைவாளன்

இருவருக்கும் நன்றி. அடுத்த கேள்வி: இவற்றைச் சதவீத வரிசையில் அடுக்க முடியுமா? 'விர்ச்சுவலி த சேம்' என்றால் 95, 'ஃபேர்லி சிமிலர்' என்றால் 70, 'வேக்லி சிமிலர்' என்றால் 20 என்பது போல ஒரு அட்டவணை கிடைத்தால் மேசையில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

#5 கோணமானி

அட்டவணை போடாதீர்கள். போட்டால் அதுவே பிழைக்கு வழி.

பாதி ஒப்புமை என்பது எவ்வளவு என்பதோடு முடிகிற விஷயமல்ல. எந்த அம்சத்தில் என்பதுதான் பெரிய கேள்வி. வினையடைகளை உற்றுப் பாருங்கள், பல சொற்கள் அளவையே சொல்லவில்லை. 'பிராட்லி சிமிலர்' என்றால் முக்கியமானவற்றில் ஒற்றுமை, நுணுக்கங்களில் வேறுபாடு. 'சூப்பர்ஃபிஷியலி சிமிலர்' அதற்குத் தலைகீழ்: மேலே பார்க்க ஒன்று, உள்ளே வேறு. இரண்டையும் 'சுமார் 50 சதவீதம்' என்று ஒரே கட்டத்தில் போட்டால் என்ன ஆகும்? 'லூஸ்லி' வந்தால் அளவுகோலையே தளர்த்திக்கொண்டு பேசுகிறோம் என்று அர்த்தம். 'வேக்லி' வந்தால் ஒற்றுமை மங்கலாக இருக்கிறது, சொல்பவருக்கே பிடிபடவில்லை. 'ரஃப்லி ஈக்விவலன்ட்' என்பதில் 'ரஃப்லி' மதிப்பீட்டின் துல்லியத்தைப் பேசுகிறது. 'ராதர் சிமிலர்' என்பதில் 'எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக' என்ற லேசான வியப்பு ஒட்டியிருக்கும்.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்.

'த நியூ மெனு இஸ் சம்வாட் சிமிலர் டு த ஓல்ட் ஒன்.'

இலக்கணம் சரி, பயன் சுழியம். பழைய மெனு பழகியவர் இதைப் படித்துவிட்டு என்ன செய்வார்? கட்டளைகள் இடம் மாறியிருக்கின்றனவா, பெயர் மாறியிருக்கின்றனவா, குறுக்குவிசைகள் (ஷார்ட்கட்ஸ்) வேலை செய்யுமா, ஒன்றும் தெரியாது. முதல் திருத்தம், அம்சத்தைச் சேர்ப்பது: 'சிமிலர் இன் லேஅவுட்'. இரண்டாவது, காரணத்தைச் சேர்ப்பது: 'சிமிலர் இன் தட் போத் குரூப் கமாண்ட்ஸ் பை டாஸ்க்'. மூன்றாவது, வேறுபாட்டையும் அதே மூச்சில் சொல்வது: 'த லேஅவுட் இஸ் த சேம், பட் த ஷார்ட்கட்ஸ் ஹேவ் சேஞ்ச்ட்'. மூன்றாவதற்கு வந்ததும் 'சம்வாட் சிமிலர்' தானாக உதிர்ந்துவிட்டது, கவனித்தீர்களா? பாதி ஒப்புமை என்று நாம் எழுதுவதில் பெரும்பாலானவை சில அம்சங்களில் முழு ஒப்புமை, சில அம்சங்களில் முழு வேறுபாடு. அதைப் பிரித்து எழுதச் சோம்பல்பட்டுத்தான் 'சம்வாட்' போடுகிறோம்.

உண்மையிலேயே பிரிக்க முடியாத இடங்கள் உண்டு. நிறம், மணம், நடை, தோற்றம் போன்றவை. அங்கே 'ஃபேர்லி', 'சம்வாட்', 'எ ஃபெயின்ட் ரிசெம்பளன்ஸ்' எல்லாம் நியாயமாக வரும். அப்படியும் அளவுக்கு ஒரு வழிகாட்டி வேண்டுமென்றால் மூன்று படிகள் போதும். நெருக்கம்: விர்ச்சுவலி, நியர்லி, மச் த சேம். நடுத்தரம்: பிராட்லி, ஃபேர்லி, இன் மெனி ரெஸ்பெக்ட்ஸ். தூரம்: வேக்லி, எ பாஸிங் ரிசெம்பளன்ஸ், இன் சம் ரெஸ்பெக்ட்ஸ். ஒரே படிக்குள் இருப்பவற்றைத் தரவரிசைப்படுத்தாதீர்கள், தாய்மொழியாளர்களே அதில் ஒத்துப்போக மாட்டார்கள்.

எண் கையில் இருந்தால் எண்ணையே எழுதுங்கள். 'நியர்லி ஆஸ் ஹெவி ஆஸ்' என்பதைவிட '4 கிலோ, பழையது 4.3' என்பது மேல்.

#6 பேச்சுவாக்கு

எல்லாரும் எழுத்தையே பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க. சார்ட் ஆஃப், கைண்ட் ஆஃப் ரெண்டையும் யாரும் தொடலையே. நாள் முழுக்கக் காதுல விழறது அதுதான்.

பேச்சுல ரெண்டும் ஒண்ணுதான். பிரிட்டிஷ் பேச்சுல சார்ட் ஆஃப் கொஞ்சம் அதிகம், அமெரிக்கப் பேச்சுல கைண்ட் ஆஃப் அதிகம். வினைக்கு முன்னாடி வந்தா 'ஒரு மாதிரி' தான்: 'இட் சார்ட் ஆஃப் வொர்க்ஸ்', ஒரு மாதிரி ஓடுது, ஆனா நம்பி விட முடியாது. மின்னஞ்சல்ல நண்பருக்குன்னா பரவாயில்ல, அறிக்கையில வேண்டாம்.

'ஆஃப் சார்ட்ஸ்' வேற ஆள். பெயர்ச்சொல்லுக்குப் பின்னாடிதான் வரும். 'அன் அபாலஜி ஆஃப் சார்ட்ஸ்'னா மன்னிப்புன்னு ஒண்ணு கேட்டாங்க, ஆனா அதை மன்னிப்புன்னு சொல்ல மனசு வரலைன்னு அர்த்தம். உள்ளே ஒரு குத்தல் இருக்கலாம், பார்த்துப் போடுங்க. 'சம் சார்ட் ஆஃப்' அப்படி இல்ல, எந்த வகைன்னு தெரியலைங்கறது மட்டும்தான்.

'சம்திங் லைக்' எண்ணோட வந்தா சுமார்: 'சம்திங் லைக் 40'. பொருளோட வந்தா 'அது மாதிரி ஏதோ ஒண்ணு'. 'சம்திங் ஆஃப் அன் எக்ஸ்பர்ட்'னா ஓரளவு நிபுணர்தான், பாதிப் பாராட்டு. 'நத்திங் லைக்'னா கிட்டக்கூட வரலைன்னு அடிச்சுச் சொல்றது. 'மோர் லைக்' திருத்தறதுக்கு: 30 இல்லப்பா, 'மோர் லைக் 40'.

கடைசியா 'இஷ்'. நிறத்துக்கு எழுத்துலயும் தாராளமா வரும், ரெட்டிஷ்ல டி ரெட்டிக்கும், ப்ளூயிஷ்ல கடைசி ஈ விழும். எண்ணுக்கும் நேரத்துக்கும் பேச்சுல மட்டும்: செவனிஷ், ஃபார்ட்டியிஷ். தனியா 'இஷ்'னு மட்டும் பதில் சொல்றதும் இப்ப உண்டு, 'முடிஞ்சுதா?'ன்னா 'இஷ்'.

#7 திருத்தகம்

பேச்சுவாக்கு சொன்னதில் ஒன்றை மட்டும் பிரித்துக்காட்ட வேண்டும். 'கைண்ட் ஆஃப்' முன்னால் 'எ' வந்தால் கதை மாறிவிடும். 'எ வேல் இஸ் எ கைண்ட் ஆஃப் மேமல்' என்பது வகைப்பாடு: திமிங்கலம் பாலூட்டி, சந்தேகமே இல்லை. 'கைண்ட் ஆஃப் லைக் எ மேமல்' என்றால் பாலூட்டி அல்ல, ஏதோ ஒற்றுமை இருக்கிறது. ஒரு 'எ', ஒரு 'லைக்', அவ்வளவில் அறிவியல் தலைகீழாகிவிடும். மேலும் 'எ கைண்ட் ஆஃப்' சில இடங்களில் தளர்வாகவும் வரும், 'எ கைண்ட் ஆஃப் பிரிட்ஜ்' என்றால் பாலம் மாதிரி ஒன்று. எனவே உண்மையான வகை என்றால் 'எ டைப் ஆஃப்' போடுங்கள், அதில் இந்த இரட்டைப் பொருள் இல்லை.

இதன் தம்பி 'ஆஸ்', 'லைக்' குழப்பம். 'இட் வொர்க்ஸ் ஆஸ் எ ஃபில்டர்', அது வடிகட்டியாக வேலை செய்கிறது. 'இட் வொர்க்ஸ் லைக் எ ஃபில்டர்', வடிகட்டி போல வேலை செய்கிறது. தமிழில் 'ஆக', 'போல' என்று இரண்டு உருபு தெளிவாக இருக்கிறது. எழுதும் முன் வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள், 'ஆக' வந்தால் ஆஸ், 'போல' வந்தால் லைக். தமிழ் நினைப்பு கைகொடுக்கும் இடங்களில் இது ஒன்று.

மூன்றாவது, 'லைக்' பட்டியலுக்கு முன் வரும்போது. 'டிரக்ஸ் லைக் ஆஸ்பிரின்' என்றால் ஆஸ்பிரினும் சேர்த்தியா, அதைப் போன்ற மற்றவை மட்டுமா? இரண்டு விதமாகவும் படிக்கலாம். 'டிரக்ஸ் சச் ஆஸ் ஆஸ்பிரின்' என்றால் ஆஸ்பிரின் உள்ளே இருக்கிறது. மருந்துக் குறிப்பு, ஒப்பந்தம், பாதுகாப்பு எச்சரிக்கை மூன்றிலும் 'லைக்' போட்டு விட்டுவிடாதீர்கள்.

#8 உயிரணு

அறிவியல் எழுத்துக்காரர்களுக்காக. இங்கே 'சிமிலர்' சும்மா வரக்கூடாது, ஏனென்றால் ஒற்றுமைக்கு வகை உண்டு.

உயிரியலில் அனலாகஸ், ஹோமோலாகஸ் என்ற பிரிவை ரிச்சர்ட் ஓவன் 1843-ல் வரையறுத்தார். ஒரே வேலை, வேறு மூலம் என்றால் அனலாகஸ்: பறவை இறக்கையும் தேனீ இறக்கையும். வேலை எதுவானாலும் அடிப்படையில் ஒரே உறுப்பு என்றால் ஹோமோலாகஸ்: மனிதக் கையும் வௌவால் இறக்கையும். அதில் ஒரு சுவாரசியம், வௌவால் இறக்கையும் பறவை இறக்கையும் முன்னங்கால் என்ற முறையில் ஹோமோலாகஸ், இறக்கை என்ற முறையில் அனலாகஸ். கோணமானி சொன்ன 'எந்த அம்சத்தில்' என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

வடிவியலில் 'சிமிலர்' பாதி ஒப்புமையே அல்ல. சிமிலர் டிரையாங்கிள்ஸ் என்றால் கோணங்கள் சமம், பக்கங்கள் ஒரே விகிதம். அங்கே 'ஃபேர்லி சிமிலர் டிரையாங்கிள்ஸ்' என்று எழுதினால் அபத்தம்.

முன்னொட்டுகளில் அதிகம் புரள்வது மூன்று. 'செமி' என்றால் பாதி அல்லது பகுதி. செமிகண்டக்டர் மின்கடத்திக்கும் கடத்தாப் பொருளுக்கும் இடைப்பட்டது. 'குவாசி' என்றால் 'அது போலத் தோன்றுவது, சில பண்புகள் உண்டு, ஆனால் முறைப்படி அது அல்ல'. குவாசிகிரிஸ்டல் நல்ல எடுத்துக்காட்டு: அணுக்கள் ஒழுங்காக அடுக்கியிருக்கும், ஆனால் படிகத்தில் வருவதுபோல அதே அமைப்பு திரும்பத் திரும்ப வராது. டான் ஷெக்ட்மன் 1982-ல் கண்டது, 2011-ல் வேதியியல் நோபல். மிகத் தொலைவில் ஒளிரும் விண்பொருளான குவேசார் என்ற சொல்லும் 'குவாசி ஸ்டெல்லர்' என்பதன் சுருக்கம்தான். 'சூடோ' என்றால் போலி. 'சூடோசயன்ஸ்' வசை. ஆனால் 'சூடோகோட்' வசை அல்ல, ஓட்ட முடியாத நிரல் வடிவம். குவாசிக்குப் பதில் சூடோ போட்டால் ஒருவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்லிவிட்ட கணக்கு.

'ஆய்ட்' என்ற பின்னொட்டு 'வடிவில் ஒத்தது'. வில்லியம் ஹெர்ஷல் 1802-ல் 'ஆஸ்டெராய்ட்' என்றது தொலைநோக்கியில் விண்மீன் போலப் புள்ளியாகத் தெரிந்ததால். சிறுகோளுக்கும் விண்மீனுக்கும் அதற்கு மேல் உறவில்லை. 'ஓபியாய்ட்' முதலில் அபினியிலிருந்து எடுக்கும் ஓபியேட்டுகளைப் போன்றவற்றைக் குறித்தது, இன்று ஓபியேட்டுகளையும் சேர்த்த பொதுப்பெயராகிவிட்டது. ஆகவே பின்னொட்டைப் பிரித்துப் பொருள் ஊகிக்கும் முன் அந்தத் துறையின் வரையறையைப் பாருங்கள்.

மருந்தியலில் 'பயோசிமிலர்' என்பதை 'கொஞ்சம் ஒத்த மருந்து' என்று படித்துவிடாதீர்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் வரையறையில் அது ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற மூல உயிரிமருந்தோடு 'ஹைலி சிமிலர்', மருத்துவ ரீதியில் பொருள்படும் வேறுபாடு இல்லாதது. உயிரணுக்களில் தயாராவதால் 'ஐடென்டிகல்' என்று சொல்ல முடியாது, அதனால்தான் இந்தச் சொல். ஐரோப்பாவில் முதல் பயோசிமிலருக்கு ஒப்புதல் 2006-ல்.

#9 நடைக்காவலர்

'நாட் அன்லைக்' பற்றி முதலில் கேட்டிருந்தார், யாரும் பதில் சொல்லவில்லை. என் கருத்து: விட்டுவிடுங்கள். 'லைக்' என்று சொல்லத் துணிவில்லாதவர் போடும் முக்காடு அது. 'நாட் டிஸ்சிமிலர்' அதைவிட மோசம், வாசகர் இரண்டு எதிர்மறையையும் கழித்துப் பார்த்துத்தான் பொருளுக்கு வர வேண்டும்.

தொனி மாறும் இன்னும் சில. 'சைல்டிஷ்' குறை, 'சைல்ட்லைக்' பாராட்டு. 'டான்டமௌன்ட் டு' என்பது 'விளைவில் அதற்குச் சமம்', பெரும்பாலும் கெட்ட விஷயத்துக்கு: 'டான்டமௌன்ட் டு அன் அட்மிஷன்', ஒப்புக்கொண்டதற்குச் சமம். பாராட்டும்போது வராது. 'டேக்ஸ் ஆஃப்டர்' குடும்பத்தில் மூத்தவரின் சாயலுக்கு மட்டும். மகள் தாயின் சாயலாக இருக்கலாம், தாய் மகளின் சாயலாக இருக்க முடியாது. கருவிக்கும் மென்பொருளுக்கும் இது ஒட்டாது.

#10 திருத்தகம்

நடைக்காவலருக்கு ஒரு மறுப்பு. 'நாட் அன்லைக்' மழுப்பல்தான், ஆனால் அதற்கு ஓர் இடம் உண்டு: வாசகர் எதிர்பார்க்காத இரண்டைச் சேர்த்து வைக்கும்போது. பனிப்பாறையின் நகர்வையும் கெட்டியான திரவத்தின் ஓட்டத்தையும் ஒப்பிடுகிறீர்கள் என்றால் 'நாட் அன்லைக்' 'முதலில் வேறாகத் தோன்றும், ஆனால் பாருங்கள்' என்ற குறிப்பைக் கொடுக்கும். நாம் 'தொடர்பு இல்லாமல் இல்லை' என்று எழுதுவது அதே உத்திதான். கட்டுரையில் ஒரு முறை வரலாம், கையேட்டில் கூடாது. அதில் உங்களோடு உடன்படுகிறேன்.

மீதி இருக்கும் சிலவற்றையும் முடித்துவிடலாம். 'அகின் டு' இயல்பில் உறவுடையவற்றுக்கு, உணர்ச்சி, கருத்து, செயல்முறை. திருகாணிக்குப் போட்டால் கவிதையாகிவிடும். 'அலாங் த சேம் லைன்ஸ்' திட்டம், யோசனை, முன்மொழிவுக்கு. 'இன் எ சிமிலர் வெய்ன்' பேச்சுக்கும் எழுத்துக்கும். 'ஆன் எ பார் வித்' தரத்துக்கும் நிலைக்கும், தோற்றத்துக்கு அல்ல. 'இன் த சேம் பால்பார்க்' மதிப்பீட்டுத் தொகைக்கு, பேச்சில். 'எ கிராஸ் பிட்வீன்' வந்தால் கண்டிப்பாக இரண்டு பொருள் வேண்டும், இரண்டின் பண்பும் கலந்திருக்க வேண்டும். 'கம்பேரபிள்' தனியாக நின்றால் தெளிவு குறையும், 'கம்பேரபிள் இன் சைஸ்' என்று அம்சத்தைச் சேருங்கள்.

#11 பத்தி17

சட்டம் சார்ந்து எழுதுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சில சேர்க்கைகள் பூட்டுப் போட்டவை, அழகுக்காக மாற்றக்கூடாது. இந்திய வணிகச் சின்னங்கள் சட்டம் 1999-ல் 'டிசெப்டிவ்லி சிமிலர்' பிரிவு 2-ல் வரையறுக்கப்பட்ட சொல்: ஏமாற்றக்கூடிய அல்லது குழப்பம் விளைவிக்கக்கூடிய அளவுக்கு இன்னொரு சின்னத்தை நெருங்கி ஒத்திருப்பது. இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பின் பெயர்த் தகராறுக் கொள்கையில் 'ஐடென்டிகல் ஆர் கன்ஃப்யூசிங்லி சிமிலர்'. அமெரிக்கப் பதிப்புரிமை வழக்குகளில் 'சப்ஸ்டான்ஷியல் சிமிலாரிட்டி'. ஒரே சொல்லைத் திரும்ப எழுதக் கூச்சப்பட்டு அடுத்த பத்தியில் 'வெரி சிமிலர்' என்று மாற்றினால், வேறு அளவுகோலைச் சொல்கிறீர்களோ என்று எதிர்த்தரப்பு கேட்கும். பள்ளியில் படித்த 'சொல்லைத் திரும்பச் சொல்லாதே' இங்கே செல்லாது.

#12 வரைவாளன்

நிறையக் கிடைத்தது. கையில் இருக்கும் மூன்று வாக்கியங்களைப் போடுகிறேன், திருத்திக் கொடுங்கள்.

அ. 'த கோட்டிங் ஆக்ட்ஸ் லைக் அன் இன்சுலேட்டர்.' பூச்சு உண்மையிலேயே மின்காப்பாக மதிப்பிடப்பட்டது.

ஆ. 'த பெர்ஃபார்மன்ஸ் ஆஃப் பம்ப் பி இஸ் ஆல்மோஸ்ட் சிமிலர் வித் பம்ப் ஏ.'

இ. 'த டூ அலைக் போல்ட்ஸ் ஹேவ் சேம் லைக் த்ரெட்ஸ்.' இரண்டும் எம்10 (10 மிமீ விட்ட) போல்ட். ஒன்று சாதாரண மரை (த்ரெட்), ஒன்று நுண்மரை.

#13 ஒட்டுச்சொல்

அ: காப்பாக வேலை செய்கிறது, காப்பு போல அல்ல. 'ஆக்ட்ஸ் ஆஸ் அன் இன்சுலேட்டர்'. 'லைக்' போட்டால் மதிப்பீடு இல்லாத பூச்சு என்று படிப்பார்கள், மேலே இன்னொரு காப்பு சுற்றுவார்கள்.

ஆ: மூன்று பிழை. ஆல்மோஸ்ட், வித், பம்ப்பின் செயல்திறனைப் பம்ப்போடு ஒப்பிட்டது. 'த பெர்ஃபார்மன்ஸ் ஆஃப் பம்ப் பி இஸ் வெரி சிமிலர் டு தட் ஆஃப் பம்ப் ஏ.' அதற்கும் மேல், செயல்திறன் என்றால் எது? ஓட்ட அளவா, அழுத்தமா, மின்செலவா? 'பம்ப் பி டெலிவர்ஸ் நியர்லி த சேம் ஃப்ளோ ஆஸ் பம்ப் ஏ' என்று எழுதினால் 'நியர்லி' சரியான இடத்தில் உட்காரும். பக்கத்தில் இரண்டு எண்ணையும் போடுங்கள்.

#14 கோணமானி

இ எனக்கு. இலக்கணத்தை மட்டும் திருத்தி 'த டூ போல்ட்ஸ் ஆர் அலைக் அண்ட் ஹேவ் சிமிலர் த்ரெட்ஸ்' என்றால் ஆபத்து. எம்10 சாதாரண மரையின் இடைவெளி 1.5 மிமீ, நுண்மரையில் அடிக்கடி வருவது 1.25 மிமீ. விட்டம் ஒன்று, இடைவெளி வேறு. மாற்றிப் போட்டால் ஓரிரு சுற்று ஏறும், பிறகு இறுகும். 'சிமிலர்' என்று படித்தவர் துருவென்று நினைத்து ஸ்பேனரை இன்னும் அழுத்துவார், மரை உரிந்துவிடும்.

எழுத வேண்டியது: 'போத் போல்ட்ஸ் ஆர் எம்10, பட் த பிட்ச் டிஃபர்ஸ்: 1.5 எம்எம் அண்ட் 1.25 எம்எம். தே ஆர் நாட் இன்டர்சேஞ்சபிள்.' கடைசி வாக்கியத்தை விடாதீர்கள். பார்க்க ஒன்றாக இருந்து ஒன்றுக்கு ஒன்று பொருந்தாத எல்லாவற்றுக்கும் அது வேண்டும்.

#15 வரைவாளன்

அரை அங்குலக் குழாய் மரைக்கும் இதே முறைதானா? பிரிட்டிஷ் தரமான பிஎஸ்பி, அமெரிக்கத் தரமான என்பிடி இரண்டிலும் அங்குலத்துக்கு 14 மரை. அங்கே இடைவெளியும் ஒத்துப்போகிறதே, 'விர்ச்சுவலி த சேம்' எழுதலாமா?

#16 கோணமானி

எழுதக்கூடாது. மரைக் கோணம் பிஎஸ்பியில் 55 பாகை, என்பிடியில் 60. கையால் ஏறும், அழுத்தம் வந்ததும் கசியும். 'சூப்பர்ஃபிஷியலி சிமிலர்' என்ற சொல் பொருந்தும் இடம் இதுதான்: 'த டூ த்ரெட்ஸ் ஆர் சூப்பர்ஃபிஷியலி சிமிலர் பட் டிஃபர் இன் ஆங்கிள், 55 டிகிரீஸ் அண்ட் 60 டிகிரீஸ். டு நாட் மிக்ஸ் தெம்.'